ஆச்சி வீட்டு மேசைக் கத்தி

என் மேசை இழுப்பறையில் இரண்டு கத்திகள் கிடக்கின்றன. இரண்டும் ஒரே ஊரில் செய்யப்பட்டவை. ஒரே ஜோடியாக வந்தவை. ஒன்று இன்றும் முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கிறது. மற்றதில் பழுப்புப் புள்ளிகள் விழுந்து, கூர் மடங்கி, பார்க்கவே பரிதாபமாக இருக்கிறது. இரண்டாவது கத்தியைக் கெடுத்தவன் நான்தான். கெடுத்தபோது எனக்கு வயது பதினான்கு. அது எப்படிக் கெட்டது என்பது விளங்க மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு இப்போது சொல்லப் போகிறேன்.

பாபநாசம் மலையடிவாரத்தில் விக்கிரமசிங்கபுரம் என்ற ஊர் இருக்கிறது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் அங்கே ஒரு பஞ்சாலை தொடங்கினார்கள். மலையிலிருந்து விழும் தாமிரபரணித் தண்ணீரே அதன் இயந்திரங்களைச் சுழற்றியது. அந்த வட்டாரத்துப் பங்களா ஒன்றில் என் தாத்தா சமையல்காரராக இருந்தார். அங்கிருந்த வெள்ளைக்காரர் 1950களில் ஊருக்குக் கப்பலேறும்போது, தாத்தாவிடம் இரண்டு மேசைக் கத்திகளைக் கொடுத்துவிட்டுப் போனாராம். முனை உருண்ட, அகலமான அலகு. அதில் ஆங்கிலத்தில் 'ஷெஃபீல்டு' என்றும் 'ஸ்டெயின்லெஸ்' என்றும் பொறித்திருக்கும். வெண்மஞ்சள் நிறத்தில் கைப்பிடி. அது யானைத் தந்தம் என்று ஆச்சி கடைசிவரை நம்பினாள். உண்மையில் அது செல்லுலாய்டு; தந்தத்தைப் போலவே வரி வரியாகத் தெரியும்படி செய்த பிளாஸ்டிக்.

எங்கள் வீட்டில் மேசையும் இல்லை, மேசையில் உட்கார்ந்து ரொட்டி அறுப்பாரும் இல்லை. காய்கறி நறுக்க அரிவாள்மணை இருந்தது. ஆனாலும் தீபாவளிக்கு அல்வாவும் மைசூர்பாகும் தட்டில் ஊற்றித் துண்டு போட அந்தக் கத்திகள்தான் வரும். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, ஆச்சி மரப்பெட்டியில் வைத்துவிடுவாள்.

எனக்கோ நுங்கு சீவவும் மாங்காய் கீறவும் கூர்முனைக் கத்தி ஒன்று வேண்டியிருந்தது. மொண்ணையாக இரண்டு கத்திகள் பெட்டியில் சும்மா கிடக்கின்றனவே, ஒன்றை எடுத்தால் என்ன? ஒரு கோடை விடுமுறையில், ஆச்சிக்குத் தெரியாமல் ஒன்றை எடுத்துக்கொண்டு ஊர்க் கொல்லர் பட்டறைக்குப் போனேன்.

அவர் சாதாரணக் கைவேலைக்காரர் அல்லர். பனையேறிகளின் பாளை அரிவாளுக்கு அவர் வைக்கும் பதத்துக்காகப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வருவார்கள். கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சீமை இரும்புலா தம்பி. நம்ம உலைக்கு மசியுமோ என்னவோ, தெரியலியே."

"முனையை மட்டும் கூரா அடிச்சுக் குடுங்க, அண்ணாச்சி."

கைப்பிடியைக் கொதிநீரில் வைத்துக் கழற்றினார். அலகை உலையில் வைத்தார். அது செக்கச்செவேல் என்று சிவந்ததும் அடித்து முனையை நீட்டினார். மறுபடி சிவக்கவைத்துத் தண்ணீரில் முக்கினார். சாணைக்கல்லில் தேய்த்துக் கறுப்பைப் போக்கியதும் அழகான கூர்முனைக் கத்தி ஒன்று என் கைக்கு வந்தது.

முதல் நாளே அதன் சாயம் வெளுத்தது. மாங்கொட்டையில் பட்டதும் கூர் ஈயத்தகடு போல மடங்கிவிட்டது. இரண்டு வாரத்தில் இன்னொரு வேடிக்கை. 'துருப்பிடிக்காத' அந்தக் கத்தியில் பழுப்புப் புள்ளிகள் முளைத்தன! கொல்லரிடம் எடுத்துப் போனேன். "நான் வச்ச பதம் மடங்கி இதுவரைக்கும் ஒரு அருவா திரும்பி வந்ததில்ல. இது என்ன இரும்புன்னு எனக்குப் பிடிபடல" என்றார். பாவம், காசு கூட வாங்கவில்லை.

ஆச்சிக்குத் தெரிந்துபோயிற்று. திட்டுவாள் என்று நினைத்தேன். கத்தியை முந்தானையால் துடைத்துப் பார்த்துவிட்டு, "போட்டும், இன்னொண்ணு இருக்குல்லா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

ஷெஃபீல்டில் நடந்தது

என் கொல்லர் அண்ணாச்சிக்கு நேர்ந்த அதே தோல்வி, அவருக்குச் சுமார் எண்பது ஆண்டுகளுக்கு முன் ஷெஃபீல்டின் பெரிய பெரிய கத்திப் பட்டறைகளுக்கும் நேர்ந்திருக்கிறது. இதைப் பின்னால் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலுக்கு அளவே இல்லை.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பல நூற்றாண்டுகளாகக் கத்தி செய்வதே தொழில். அங்கே ஓர் எஃகு ஆராய்ச்சிச் சாலையில் ஹாரி பிரியர்லி என்ற விஞ்ஞானி வேலை பார்த்து வந்தார். துப்பாக்கிக் குழல்களின் உட்புறம் சூட்டில் சீக்கிரம் அரித்துப் போகிறது, அதற்கு மாற்று எஃகு வேண்டும் என்று அவரிடம் கேட்டிருந்தார்கள். குரோமியம் கலந்த எஃகுகளை அவர் செய்து பார்த்தார். 1913 ஆகஸ்ட் 13 அன்று மின் உலையில் வார்த்த எஃகில் குரோமியம் 12.8 சதவிகிதம், கார்பன் 0.24 சதவிகிதம் இருந்தது.

எஃகின் உள்ளமைப்பை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டுமானால், அதை வழவழப்பாக மெருகிட்டு, நீர்த்த அமிலத்தால் லேசாக அரிக்கவைக்க வேண்டும். இந்த எஃகோ அரிக்க மறுத்தது. இன்னொருவராக இருந்தால், 'இது ஒத்துவராத சோதனை' என்று தூக்கிப் போட்டிருப்பார். பிரியர்லி வினிகரையும் எலுமிச்சைச் சாற்றையும் அதன்மேல் விட்டுப் பார்த்தார். துப்பாக்கிக்குத் தேடப் போனவருக்குச் சாப்பாட்டுக் கத்தி கிடைத்துவிட்டது.

அந்த நாளில் வீட்டுக் கத்திகளால் என்ன தொல்லை என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். சாதாரணக் கார்பன் எஃகுக் கத்தியில் வினிகரோ பழச்சாறோ பட்டால் கறுக்கும், துருவேறும். சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு கத்தியையும் பொடி தூவிய பலகையில் தேய்த்தாக வேண்டும். மீனுக்கு வெள்ளிக் கத்தி என்று தனியே வைத்துக்கொண்டதும், எலுமிச்சை பிழிந்த மீனில் இரும்பு வாடை ஏறாமல் இருப்பதற்காகத்தான்.

பிரியர்லி தமது எஃகை இரண்டு கத்திப் பட்டறைகளுக்கு அனுப்பினார். இரண்டும் 'கத்திக்கு லாயக்கில்லை' என்று திருப்பிவிட்டன. சரியாகப் பதம் ஏறவில்லை. 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று ஊரே அவரைக் கேலி செய்தது. பிறகு எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்திப் பட்டறை மேலாளர், சில முறை தோற்று, கடைசியில் சரியான சூட்டைப் பிடித்தார். 'ஸ்டெயின்லெஸ்', அதாவது கறைபடாதது, என்ற பெயரும் அவர் வாயிலிருந்து வந்ததுதான். 1914இல் போர் மூண்டதும் இந்த எஃகு விமான எஞ்சின் வால்வுகளுக்குப் போய்விட்டது. போர் முடிந்த பிறகே கத்தி வீடு வந்து சேர்ந்தது.

பெருமை முழுவதும் பிரியர்லிக்கே என்று நான் சொல்லமாட்டேன். அதே காலத்தில் ஜெர்மனியில் குருப் தொழிற்சாலையிலும் அமெரிக்காவில் எல்வுட் ஹேன்ஸ் என்பவரும் இதே வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். அதற்கும் முன்னால், 1821இல், பெர்த்தியே என்ற பிரெஞ்சுக்காரர் குரோமியம் கலந்த இரும்பு அமிலத்தை எதிர்ப்பதைக் கண்டு, கத்திக்கு இது ஆகுமே என்று எழுதியிருக்கிறார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் மைக்கேல் ஃபாரடேயும், ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரும் எஃகுடன் பல உலோகங்களைக் கலந்து பார்த்தார்கள். மின்சாரத்துக்குப் பேர்போன அதே ஃபாரடேதான்! அவரை எஃகு ஆராய்ச்சிக்கு இழுத்தது எது தெரியுமா? நம் நாட்டிலிருந்து போன 'ஊட்ஸ்' எஃகு. மூசையில் உருக்கி ஆக்கிய தென்னிந்திய எஃகு அது. ஈரோட்டுக்கு அருகே கொடுமணலில் அகழ்ந்தபோது எஃகு செய்த உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன.

அண்ணாச்சியின் சிவப்பு

கொல்லருக்கு வெப்பமானி கிடையாது, கண்தான் வெப்பமானி. இரும்பு செக்கச்செவேல் என்று இருக்கிறதா? அப்படியானால் சூடு ஏறத்தாழ 750 முதல் 800 டிகிரி சென்டிகிரேட். ஆரஞ்சு நிறமா? 950 பக்கம். மஞ்சளா? 1,000ஐத் தாண்டிவிட்டது.

பதம் வைப்பது என்றால் என்ன? சாதாரணச் சூட்டில் இரும்பின் அணுக்கள் ஒருவகையாக அடுக்கப்பட்டிருக்கும். அந்த அடுக்கில் கார்பனுக்கு இடம் மிகக் குறைவு. செஞ்சூட்டில் அணுக்கள் வேறொரு வகையாக அடுக்கிக்கொள்கின்றன. அதில் கார்பன் அணுக்கள் தாராளமாகப் புகுந்துகொள்ளும். அந்த நேரத்தில் தண்ணீரில் முக்கினால், கார்பன் வெளியேற அவகாசம் கிடைக்காது, சிக்கிக்கொள்ளும். பஸ்ஸில் கூட்டம் ஏறியபின் கதவைச் சாத்தியது போல. நெருக்கடி தாங்காமல் அணு அடுக்கே கோணுகிறது. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க முடியாது. எஃகு கடினமாகிறது. பாளை அரிவாளின் கார்பன் எஃகுக்கு அண்ணாச்சியின் சிவப்பு இம்மியும் பிசகாத சூடு.

ஸ்டெயின்லெஸ் கத்தியில் கார்பனுக்கு ஒரு கூட்டாளி உண்டு, குரோமியம். இரண்டும் சேர்ந்து கார்பைடு என்ற சிறு சிறு மணிகளாக இருக்கும். அவ்வளவு லேசில் பிரியாது. மணிகள் கரைந்து கார்பன் வெளிவரவேண்டுமானால் சூடு 1,000 டிகிரியைத் தாண்ட வேண்டும். மஞ்சள் நிறம் வரவேண்டும்! அந்த நிறத்தைக் கண்டால் எந்த நாட்டுக் கொல்லரும், 'ஐயோ, இரும்பு எரிந்துபோகும்' என்று குறட்டை எடுத்து அலகை வெளியே இழுத்துவிடுவார். ஷெஃபீல்டுப் பட்டறைகளும் அதைத்தான் செய்தன.

என் கத்தி ஷெஃபீல்டில் ஏற்கெனவே சரியாகப் பதம் வைக்கப்பட்டிருந்தது. அதை 800 டிகிரிக்குச் சூடாக்கியதும், சிக்கியிருந்த கார்பன் விடுதலையாகிக் குரோமியத்துடன் சேர்ந்து மணிகளாயிற்று. பழைய பதம் போய்விட்டது. புதுப் பதம் ஏற அந்தச் சூடு போதாது. அதனால் தண்ணீரில் முக்கியும் பயனில்லை.

சரி, மிருதுவானது ஏன் என்று தெரிந்துவிட்டது. துருப்பிடித்தது ஏன்?

கண்ணுக்குத் தெரியாத போர்வை

இரும்பு, ஈரம், ஆக்ஸிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும். அதனால் அது உப்பிப் பொருக்காக உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளிப்படுகிறது, அதுவும் துருவாகிறது. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கும் ஆதிச்சநல்லூரில் இதைக் கண்ணாலேயே காணலாம். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்பவரும் அங்கே தோண்டியபோது முதுமக்கள் தாழிகளோடு வாள், குத்துவாள், ஈட்டி முனை என்று ஏராளமான இரும்புப் பொருள்கள் கிடைத்தன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பாருங்கள். தங்க நெற்றிப்பட்டம் அப்படியே இருக்கும்; இரும்போ பொருக்கு மூடி, வடிவம் மட்டும் மிஞ்சிக் கிடக்கும். அதே பள்ளத்தாக்கில் உள்ள சிவகளையில் இரும்புடன் கிடைத்த கரித் துண்டு முதலியவற்றின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிப் போகிறது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. இத்தனை பழைமை உண்டா என்று அறிஞர்களிடையே விவாதம் நடக்கிறது. நடக்கட்டும், அதுதான் விஞ்ஞானம்.

குரோமியமும் ஆக்ஸிஜனோடு சேரத்தான் செய்யும். இரும்பைவிட ஆவலாகவே சேரும். ஆனால் அந்த ஆக்ஸைடு உதிராது. எஃகின் மேல் இறுக ஒட்டிக்கொண்டு, ஆக்ஸிஜனையும் நீரையும் உள்ளே விடாமல் தடுக்கும். அதன் கனம் ஒன்றிலிருந்து மூன்று நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமயிர் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு தடிமன். இந்தப் போர்வை கீறினாலும் காற்றுப் பட்டவுடன் தானே தைத்துக்கொள்ளும்! ஆக, துருவை வரவழைக்கும் அதே ஆக்ஸிஜன் இங்கே காவல் காக்கிறது.

இதற்கு ஒரே நிபந்தனை: எஃகில் குரோமியம் குறைந்தது பத்தரை சதவிகிதமாவது தனித்து இருக்க வேண்டும். இப்போது கணக்குப் போடுங்கள். என்னுடையதைப் போன்ற கத்தியில் குரோமியம் சுமார் 13 சதவிகிதம், கார்பன் சுமார் 0.3. கார்பைடு மணியில் கார்பன் தன் எடையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் குரோமியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. 0.3ஐப் பத்தால் பெருக்கினால் 3. பதின்மூன்றில் மூன்று போனால் பத்து. மணிகளை ஒட்டிய இடத்திலோ இன்னும் குறைவு. போர்வை பொத்தலாகிவிட்டது! கத்தி மிருதுவானதற்கும் துருப்பிடித்ததற்கும் காரணம் ஒன்றே. அண்ணாச்சியின் உலைச் சூடு. எம்.எஸ்ஸி. படிக்கும்போது உலோக இயல் புத்தகம் ஒன்றில் இந்த இடத்தை வாசித்ததும், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

போர்வைக்கு இன்னொரு பகைவன் உப்பு. உப்பிலுள்ள குளோரைடு போர்வையில் ஊசிமுனை அளவு துளை போட்டுக் குடைந்துகொண்டே போகும். எலுமிச்சை ஊறுகாய்க்குள் கத்தியையோ கரண்டியையோ ராத்திரி முழுக்கப் போட்டு வைக்காதீர்கள். கடற்காற்று அடிக்கும் காயல்பட்டினத்திலும் புன்னைக்காயலிலும் இருப்பவர்கள், அம்பாசமுத்திரத்துக்காரர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே துடைத்து வைக்க வேண்டும். இரும்பு நாரால் தேய்த்தால் நாரின் துணுக்குகள் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். பழி மட்டும் பாத்திரத்தின் மேல் விழும்.

காந்தம் ஒன்று எடுங்கள்

எவர்சில்வர் என்று நாம் அழகாகப் பெயர் வைத்திருக்கிறோம். அதில் ஒரு குன்றிமணி வெள்ளி கூடக் கிடையாது. எவர்சில்வர் டம்ளரில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒட்டாது. கத்தியில் வையுங்கள், 'டக்' என்று ஒட்டும். உடனே கத்தி போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கடைக்காரர்கள் சிலரே அப்படிச் சொல்கிறார்கள்.

நல்ல டம்ளரில் குரோமியம் 18 சதவிகிதம், நிக்கல் 8 சதவிகிதம். செஞ்சூட்டில் வரும் அணு அடுக்கு, நிக்கல் இருப்பதால், ஆறிய பின்னும் மாறாமல் நிலைத்துவிடுகிறது. அந்த அடுக்குக்குக் காந்த ஈர்ப்பு இல்லை. ஆனால் அதற்குப் பதமும் ஏறாது. கத்திக்குப் பதம் வேண்டும்; பதம் ஏறிய அடுக்கு காந்தத்தில் ஒட்டியே தீரும். டம்ளரின் விளிம்பில் மட்டும் காந்தம் லேசாக இழுக்கிறதா? அங்கே தகட்டை வளைத்து அழுத்தியதில் அடுக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. ஒரு ரூபாய்க் காசையும் சோதியுங்கள். 1992 முதல் வந்தவை நிக்கல் இல்லாத ஸ்டெயின்லெஸ் எஃகு, ஒட்டும். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்த மலிவுப் பாத்திரங்களும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. ஆனால் அவை உப்புக்குச் சீக்கிரம் பணிந்துவிடும். ஆகவே தரத்தைச் சொல்லக் காந்தம் போதாது.

அரிவாள்மணையையும் மறக்க வேண்டாம். வாழைக்காய் நறுக்கினால் அலகும் காயும் கறுக்கின்றனவே, அது அழுக்கல்ல. காயிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் மை. கடுக்காயைத் தட்டி ஊறவைத்த நீரில் துருப்பிடித்த ஆணி இரண்டைப் போட்டு ஒருநாள் வையுங்கள், எழுதவே எழுதலாம். எவர்சில்வர் கத்தியில் இந்த மை உண்டாவதில்லை. காய் லேசாகக் கறுப்பது வேறு சமாசாரம். அது காற்றுப் பட்டு நிகழ்வது.

சென்ற ஆண்டு என் வகுப்பில் இரண்டு கத்திகளையும் காட்டினேன். எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் கரைத்து, நனைத்த பஞ்சை ஒவ்வோர் அலகின்மேலும் ராத்திரி முழுக்க வைத்தோம். காலையில் நல்ல கத்தியில் ஒன்றும் இல்லை. கெட்ட கத்தியில் பஞ்சு பழுப்பாகியிருந்தது. அப்போது ஒரு மாணவி, "சார், மறுபடி சரியான சூட்டில் வைத்தால் பழைய குணம் வந்துவிடுமா?" என்று கேட்டாள். வர வேண்டும். வருகிறதா என்று பார்த்துவிட்டால் போகிறது!

கெட்ட கத்தியின் முனையில் ஒரு விரற்கடை அளவு அறுத்தோம். தெரிந்த நண்பர் ஒருவரின் பொறியியல் கல்லூரிப் பட்டறையில் வெப்பமானி பொருத்திய மின் உலை இருந்தது. துண்டை 1,020 டிகிரியில் சிறிது நேரம் வைத்தோம். உலைக் கதவைத் திறந்தபோது மஞ்சளாக ஒளிர்ந்தது. அண்ணாச்சி எட்டிக்கூடப் பார்க்காத நிறம். எண்ணெயில் முக்கினோம். உடையாமல் இருக்க, 200 டிகிரியில் மறுபடி லேசாகச் சூடாக்கி ஆறவிட்டோம். அரத்தால் தேய்த்துப் பார்த்தேன். கெட்ட கத்தியில் அரம் கடித்தது. இந்தத் துண்டின் மேல் கண்ணாடியில் போல வழுக்கியது. மெருகிட்டு, உப்பு எலுமிச்சைப் பஞ்சை வைத்தோம். மறுநாள் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

மீதிக் கத்தியையும் அப்படிச் சரி செய்துவிடலாமே என்று மாணவர்கள் கேட்கிறார்கள். செய்யலாம்தான். அது இப்படியே இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு அல்வாத் துண்டு போட மற்றது போதும்.